ஜிம்முக்குப் போனா 'சரியாயிடுமா'?

இந்த எபிசோடு ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிக்குது. கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிற தம்பி. தான் தன்பாலீர்ப்பாளர்னு வீட்டுல தெரிஞ்சிருச்சு. அப்பா சொன்னது ஒண்ணுதான்: "ஜிம்முக்குப் போ, உடம்பை ஏத்து, சரியாயிடும்." "அண்ணா, நிஜமாவே சரியாகுமா?"ன்னு கேட்டிருக்கார்.

முதல்ல, சரியாக்க வேண்டிய நோய் எதுவும் அங்க இல்லை. 1990-லேயே உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்துருச்சு. பாலீர்ப்பை மாத்துறோம்னு செய்யற மருத்துவ முயற்சிகளுக்கு, 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை விதிச்சார்.

அப்போ உடற்பயிற்சி எதுக்கு? வீட்டுல, ஹாஸ்டல்ல, கிளாஸ்ல 'யாராவது கண்டுபிடிச்சிடுவாங்களோ'ன்னு மனசு சதா காவல் காத்துட்டே இருக்கும். பேக்கிரவுண்டில் ஓடி பேட்டரியைத் தின்னுற ஆப் மாதிரி. இதைத்தான் இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-ல் 'சிறுபான்மை அழுத்தம்'னு விளக்கினார். உடற்பயிற்சி அந்த ஆப்பை மூடாது. ஆனா தூக்கத்தை மேம்படுத்தும், பதற்றத்தையும் மனச்சோர்வையும் ஓரளவு குறைக்கும்.

எவ்வளவு போதும்? வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷ மிதமான பயிற்சின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம ரேஸ் கோர்ஸ் நடைபாதை சுமார் இரண்டரை கிலோமீட்டர். வேகமா நடந்தா அரை மணி நேரம். வாரம் அஞ்சு நாள், கணக்கு முடிஞ்சது.

ஆனா இடம் முக்கியம். பசங்க தனி, பொண்ணுங்க தனின்னு நிக்க வைக்கிற பி.டி. வரிசையும், உடை மாத்துற அறையும் ஒரு திருநம்பிக்குத் தண்டனையா மாறலாம். விளையாட்டுலகமே அப்படி நடந்திருக்கு. 2006 தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர்ல வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன்கிட்ட, பாலினப் பரிசோதனைக்கு அப்புறம் பதக்கத்தைப் பறிச்சாங்க. அதனால ஜிம் ஒத்துவரலைன்னா அது உங்க சோம்பேறித்தனம் இல்லை. நம்பிக்கையான ஒரு நண்பரோட நடந்தாலே போதும்.

தம்பி, நடங்க, ஓடுங்க, வெயிட் தூக்குங்க. மாறுறதுக்காக இல்லை, ராத்திரி நல்லாத் தூங்குறதுக்காக. நடந்தும் பாரம் இறங்கலைன்னா 14416-க்குக் கூப்பிடுங்க. அது டெலி மானஸ், அரசோட இலவச மனநல உதவி எண். தமிழ்லயே பேசலாம்.

அடுத்த வாரம் பார்க்கலாமுங்க.