புது மோட்டார் சைக்கிளா, பழசா? ஆர்.சி. புக்கில் பெயர் மாறாவிட்டால் ஆபத்து!

வட சென்னைக்கு மோட்டார் சைக்கிள் புது சமாச்சாரம் அல்ல. திருவொற்றியூரில் என்பீல்டு தொழிற்சாலை 1956-ம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. இங்கிலாந்தில் இருந்து பாகம் பாகமாகக் கப்பலில் வந்த புல்லட்டுகளை இங்கே பூட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 163 புல்லட்டுகள் தயாராயின.

அதே திருவொற்றியூரில், ராயபுரத்தில், எண்ணூரில் இன்று புதிதாக வேலைக்குச் சேரும் வாலிபர்களுக்கு ஒரே கேள்விதான். "புது வண்டி எடுக்கலாமா? பழசு போதுமா?"

நைட் ஷிப்டு முடிந்தால் பஸ்சுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். வண்டி இருந்தால் நிம்மதி. ஆனால் கையில் இருப்பதோ இரண்டு மாதச் சம்பளம்.

ஓட்டப் பழகுகிறவருக்குப் பழைய வண்டி தப்பே இல்லை. ஆனால் பெயர் மாறாத பழைய வண்டியைத் தொடவே கூடாது. என்ஜின் கெட்டுப் போனால் மெக்கானிக் சரி செய்வார். பெயர் மாறாத வண்டி கோர்ட்டு வரை இழுத்துவிடும்!

விற்ற பிறகும் விடாத கார்

வடக்கே நடந்த ஒரு வழக்கு இது. 2007-ம் ஆண்டு ஒருவர் தன் காரை விற்றார். வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்றார். அவர் அடுத்தவருக்கு விற்றார். கார் கை மாறிக்கொண்டே போனது. ஆர்.சி.யில் மட்டும் பழைய சொந்தக்காரர் பெயரே இருந்தது.

2009 மே மாதம் அந்தக் கார் மோதி ஒருவர் பலியானார். இன்னொருவர் காயம் அடைந்தார். நஷ்ட ஈடு யார் கொடுப்பது?

"நான் எப்பவோ வித்துட்டேன்" என்பது முதல் ஆளின் வாதம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2018 பிப்ரவரி 6-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர், நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

காருக்குச் சொன்ன சட்டம் மோட்டார் சைக்கிளுக்கும் அதேதான். இன்று பழசு வாங்குகிற வாலிபர் இரண்டு வருஷம் கழித்து அதை விற்றுவிட்டுப் பெரிய வண்டி எடுப்பார். அப்போது மாட்டப் போகிறவர் அவர்!

14 நாள், 30 நாள்

"புக்கு கையில இருக்குல்ல, பேரை அப்புறம் மாத்திக்கலாம் தம்பி" என்று புரோக்கர் சொன்னால் உஷாராக வேண்டும்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். இதற்கு உள்ளவை 29, 30-ம் எண் படிவங்கள்.

வண்டி மேல் பைனான்ஸ் கடன் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான 35-ம் எண் படிவத்தில் பைனான்ஸ்காரர் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் வாங்கினால், முன்னவர் கட்டாத தவணைக்கு உங்கள் வண்டியைத் தூக்கிப் போவார்கள். வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்றும் தேவை.

இன்சூரன்சிலும் ஒரு கண்ணி உண்டு. பெயர் மாறாத பாலிசி, மோதிக் காயம்பட்ட வெளி ஆளுக்குத்தான் உதவும். வண்டி திருடு போனாலோ, நொறுங்கினாலோ புதுச் சொந்தக்காரருக்கு ஒரு பைசா கிடைக்காமல் போகலாம். வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பாலிசியையும் மாற்ற வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன்பே செல்போனில் மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். பதிவான தேதி, இன்சூரன்ஸ் முடியும் நாள், கடன், கட்டாத அபராதம் எல்லாம் வெளிச்சமாகிவிடும். பிறகு சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். ஒரு எழுத்து தப்பினாலும், நம்பரைச் சுரண்டியது போல் தெரிந்தாலும் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். திருட்டு வண்டியானால் வாங்கியவரும் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டிவரும்.

புதுசுக்கு எவ்வளவு?

புது வண்டியில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பழசுக்கும் புதுசுக்கும் இருந்த விலை இடைவெளியும் கொஞ்சம் சுருங்கியது.

ஆனால் ஷோரூம் விலையோடு கணக்கு முடிவதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரி உயர்த்தப்பட்டது. ரூ.1 லட்சம் வரை உள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். ரூ.90 ஆயிரம் வண்டிக்கு இந்த வரி மட்டும் ரூ.9 ஆயிரம் ஆகிறது. வெளி ஆளுக்கான இன்சூரன்சையும் 5 வருஷத்துக்குச் சேர்த்தே கட்டவேண்டும். 2018 செப்டம்பரில் வந்த விதி அது. பழைய வண்டியில் ஆயுள் வரியை முன்னவரே கட்டியிருப்பார். அது வாங்குகிறவருக்கு லாபம்.

இன்னொன்று. பழகுகிறவர் வண்டியைக் கீழே போடாமல் பழகியதில்லை. புது டேங்க் நசுங்கினால் வயிறு எரியும். பழசு என்றால் துடைத்துவிட்டு ஏறிவிடலாம்.

பிரேக்கைப் பார்!

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் ஓட்டியாக வேண்டும். ஒரு பக்கம் கடல் மணல். மறு பக்கம் லாரிச் சக்கரம். திடீரென்று பிரேக் அடித்தால் சக்கரம் இறுகி வண்டி வழுக்கும். புதுசாக ஓட்டுகிறவர் பயத்தில் பிரேக்கை இறுக்கித்தான் பிடிப்பார்.

2019 ஏப்ரல் 1-ந் தேதி முதல் விற்பனையாகும் புது வண்டிகளில் 125 சி.சி.க்கு மேல் என்றால் ஏ.பி.எஸ். கட்டாயம். சக்கரம் இறுகிப் போகாமல் அது தடுக்கும். 125 சி.சி. வரை என்றால் சி.பி.எஸ். ஆவது இருக்க வேண்டும். ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரத்திலும் வேலை செய்வது அது.

எனவே பழசு வாங்குகிறவர் 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனையான வண்டியாகப் பார்ப்பது நல்லது. பழைய விலையில் புதுப் பாதுகாப்பு கிடைக்கும்.

ஆர்.எக்ஸ். 100 மோகம்

சில வாலிபர்களுக்கு யமஹா ஆர்.எக்ஸ். 100 என்றால் உயிர். 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி அது. சீறிக்கொண்டு பாயும். நிறுத்துவதற்கு இருப்பதோ பழைய டிரம் பிரேக்! 15 வருஷம் தாண்டியதால் ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

பழைய 4 கியர் புல்லட்டில் வேறு வில்லங்கம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளுக்கு நேர் எதிர். 160 கிலோவுக்கு மேல் எடை வேறு. பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தால் கதை கந்தல். இந்த இரண்டும் பழகியவர்களுக்கான வண்டிகள்.

உப்பும் வெள்ளமும்

கடலோர வண்டிக்கு உப்புக் காற்றுதான் எமன். மேலே பெயிண்ட் பளபளக்கும். சீட்டைத் தூக்கிப் பாருங்கள். குனிந்து சைலன்சர் அடியையும் பிரேம் வெல்டிங்கையும் பாருங்கள். துரு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிச்சாங் புயலிலும் முங்கிய வண்டிகள் ஏராளம். 2023-ல் எண்ணூரில் தண்ணீரோடு கச்சா எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வந்தது. ஏர் பில்டர் பெட்டியில் சேறு படிந்திருந்தாலோ, என்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ தண்ணீர் புகுந்த வண்டி என்று சந்தேகிக்கலாம்.

விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், "அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஆறிய பிறகு போங்கள். ஆறின என்ஜின்தான் உண்மை பேசும். 4 ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, செலவு நிச்சயம். டயரில் உள்ள 4 இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது.

பெற்றோர் கவனத்துக்கு

"பழைய வண்டிதானே, பையன் ஓட்டட்டும்" என்று 18 வயது ஆகாத மகனிடம் கியர் வண்டிச் சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் உண்டு. 2019-ல் திருத்திய சட்டப்படி, பையன் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் அபராதம். வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும்.

18 வயது ஆனவரும் முதலில் எல்.எல்.ஆர். எடுக்க வேண்டும். 30 நாள் கழித்துத்தான் லைசென்சுக்குப் போகலாம். அந்த ஒரு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவுக்குள்ளேயே பழகிக்கொள்ளலாம். கண்டெய்னர் சாலை எங்கும் ஓடிவிடாது.

வசதி இருந்தால் புதுசு. இல்லையென்றால் நான்கைந்து வருஷம் ஓடிய, துரு ஏறாத, சின்ன வண்டி. எதுவானாலும் ஹெல்மெட்டுக்குப் பணம் ஒதுக்கிவிட்டுப் பேரம் பேசுங்கள். படிவத்தில் கையெழுத்து வாங்கும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். சாவியும் பெயரும் சேர்ந்து வந்தால்தான் வண்டி உங்களுடையது.