சமையல் எண்ணெய் இறக்குமதியும் நமது குடியானவர்களும்

நமது தேசம் அந்நிய நாடுகளிலிருந்து தருவிக்கும் சரக்குகளுள் குடியானவர்களின் வருவாயை நேரே தொடுவது சமையல் எண்ணெயாகும். முற்காலத்தில் புதுச்சேரித் துறையினின்று மணிலாக்கொட்டை பிரான்சு தேசத்து மார்சேய் பட்டணத்திற்குக் கப்பலேறிற்று. இன்றோ நாம் உபயோகிக்கும் எண்ணெயில் பாதிக்கு மேற்பட்ட பாகம் கடல் கடந்து வருகிறது. 2023 அக்டோபரில் முடிந்த எண்ணெய் வருஷத்தில் சுமார் 165 லக்ஷம் டன்னும், அடுத்த வருஷத்தில் சுமார் 160 லக்ஷம் டன்னும் இறக்குமதியாயின.

பனை எண்ணெய் பெரும்பாலும் இந்தோனேஷியா, மலேஷியா தேசங்களினின்றும், சோயா எண்ணெய் அர்ஜெண்டினா, பிரேஸில் தேசங்களினின்றும், சூரியகாந்தி எண்ணெய் ருஷ்யா, உக்ரைன் தேசங்களினின்றும் வருகின்றன.

இந்நிலை எப்பொழுதும் இருந்ததன்று. 1986-ல் மத்திய சர்க்கார் எண்ணெய் வித்து அபிவிருத்தித் திட்டமொன்றை ஆரம்பித்ததன் பயனாய், 1990-க்குப் பிற்பட்ட சில வருஷங்களில் நமது தேவை அநேகமாய் உள்நாட்டு விளைவாலேயே பூர்த்தியாயிற்று. 1994 முதல் இறக்குமதிக்கு வழி திறக்கப்பட்டது. பின்னர் ஜனங்களின் உபயோகம் பெருகிய வேகத்திற்கு விளைவு பெருகவில்லை.

பிறரை நம்பியிருப்பதன் அபாயம் 2022-ல் வெளிப்பட்டது. பிப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் மூண்டது. ஏப்ரல் 28-ல் இந்தோனேஷியா பனை எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தி, மே 23-ல்தான் மறுபடியும் அனுமதித்தது. விலை ஏறி ஏழைக் குடும்பங்கள் வருந்தின. இதற்கு மாறாக, அந்நிய எண்ணெய் மலிந்து வருங்கால் அறுவடை செய்த குடியானவர்க்கு வித்தின் விலை குறைகிறது. ஆகவேதான் 2024 செப்டம்பரில் சுத்தி செய்யாத எண்ணெயின் மூல சுங்கத் தீர்வை நூற்றுக்கு 20 ஆக விதிக்கப்பட்டு, 2025 மே மாத முடிவில் 10 ஆகக் குறைக்கப்பட்டது. வாங்குவோர், விளைவிப்போர் ஆகிய இருவரையும் தீர்வை ஒன்றினாலேயே திருப்தி செய்வது அரிது.

மற்றொரு நஷ்டமும் கவனிக்கத்தக்கது. எண்ணெய் மட்டும் கப்பலில் வந்தால் பிண்ணாக்கு வருவதில்லை. உள்ளூரில் வித்தை ஆட்டினால் மாட்டிற்குத் தீனியும் கிடைக்கிறது.

ஆகையால் ஏக்கர் மகசூலைப் பெருக்குவதே நிலையான பரிகாரம். இதைக் கருதியே 2024 அக்டோபரில் 10,103 கோடி ரூபாய்ச் செலவில் எண்ணெய் வித்துக்களுக்கென ஒரு தேசியத் திட்டம் மஞ்சூர் செய்யப்பட்டது. இறவை மணிலா பயிரிடுவோர் நல்ல விதையை மருந்து கலந்து விதைத்து, 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து காயைத் திரட்சியாக்கும். கந்தகச் சத்து எண்ணெயைப் பெருக்கும். செலவு சொற்பம், லாபம் குடியானவர்க்கும் தேசத்திற்கும் உரியது.