தொற்றின் ஆபத்தை எது தீர்மானிக்கிறது?

"நான் எந்தத் தவறும் செய்யவில்லையே ஐயா, எனக்கும் வந்துவிடுமா?" கணவருக்கு எச்ஐவி தொற்று இருப்பதை அன்றுதான் அறிந்திருந்த ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஒழுக்கமே தன்னைக் காக்கும் என்று அவர் நம்பியிருந்தார். மருத்துவம் தரும் விடை வேறு.

துணைவருக்குத் தொற்று பரவுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, தொற்றுள்ளவரின் ரத்தத்தில் உள்ள தீநுண்மியின் அளவு. உகாண்டாவின் ராக்காய் பகுதியில், ஒருவருக்கு மட்டும் தொற்றிருந்த 415 இணையரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளியானது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் தீநுண்மி எண்ணிக்கை 1,500-க்கும் குறைவாக இருந்தவர்களிடமிருந்து எவருக்கும் தொற்று பரவவில்லை. அந்த எண்ணிக்கை பத்து மடங்கு கூடும்போது ஆபத்து ஏறத்தாழ இரண்டரை மடங்கு உயர்ந்தது.

தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலும், சிகிச்சையின்றி நோய் முற்றிய நிலையிலும் இந்த அளவு மிக அதிகமாக இருக்கும். முதல் வாரங்களில் பலருக்குத் தங்கள் தொற்றே தெரியாது என்பதுதான் வேதனை. கிரந்திப் புண், அக்கி போன்ற பால்வினை நோய்கள் தீநுண்மிக்கு வாசலைத் திறந்துவிடுகின்றன. உறவின் தன்மையும் முக்கியம். ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்கே ஆபத்து மிக அதிகம்.

சிகிச்சை இந்தக் கணக்கையே மாற்றியது. சென்னை, புணே உள்பட 9 நாடுகளின் நகரங்களில் 1,763 இணையரிடம் நடந்த ஆய்வில், கூட்டு மருந்தை முன்கூட்டியே தொடங்கியபோது துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்ததாக 2011-இல் தெரியவந்தது. ஐரோப்பாவில் நடந்து 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மருந்தால் தீநுண்மி அடக்கப்பட்டிருந்தவர்கள் ஆணுறையின்றி ஏறத்தாழ 58,000 முறை உறவுகொண்டும், அவர்களிடமிருந்து துணைவருக்கு ஒருமுறைகூடத் தொற்று பரவவில்லை.

ஆனால், மருந்தை நாள் தவறாமல் உட்கொண்டு, தீநுண்மி அடங்கிவிட்டதைப் பரிசோதனையில் உறுதிசெய்ய வேண்டும். இதற்குப் பொதுவாகச் சில மாதங்கள் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். மருந்தை நிறுத்தினால் தீநுண்மி மீண்டும் பெருகும்.

இந்தியாவில் தொற்றுள்ள அனைவருக்கும் சிகிச்சை என்ற கொள்கை 2017-இல் வந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதைத் தடுத்து, ரகசியம் காக்கவும் வகை செய்கிறது. அரசு நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். 1097 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். இத்தனை இருந்தும் பலரைத் தடுப்பது வெட்கம். மறைக்கப்படும் தொற்றுக்கு மருந்து சென்றடைவதில்லை. அதன் விலையைத் துணைவரே கொடுக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு முதல் பரிசோதனையிலும், பின்னர் செய்த மறுபரிசோதனையிலும் தொற்று இல்லை. கணவர் மருந்தைத் தவறவிடாமல் இருக்க, அவரே தினமும் நினைவூட்டுகிறார். தன் கேள்விக்கான விடை கணவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் இருப்பதை அவர் இப்போது அறிவார்.