எடைக்கல்லுக்குத் தெரியாத வயது

போடிநாயக்கனூருக்கு அடுத்த சிலமலை போன்ற ஊர்களில் ஏலக்காய் நல்ல விலைக்குப் போன வருஷங்கள் பலவும் பட்டாக மாறி டிரங்குப் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். அம்மாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு பிள்ளைகள் அந்தப் பெட்டியைத் திறக்கிறார்கள். அவர் கல்யாணத்துக்குக் கட்டியது, அவருடைய அம்மா கொடுத்தது, யாருடையது என்றே தெரியாதது எனப் பத்துப் பதினைந்து சேலைகள். யாரும் கட்டப்போவதில்லை. விற்றுவிடலாம் என்று முடிவானால் பழைய பட்டு வாங்குகிறவர் வருகிறார். முந்தானையை விரிக்கிறார், ஜரிகையை உரைகல்லில் உரசுகிறார், எடை போடுகிறார், ஒரு தொகை சொல்கிறார். அவர் கணக்கில் பட்டு எரிந்துபோகும், வெள்ளி மிஞ்சும்.

அவர் தொழில் அது, அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சேலைக்குள் இன்னும் மூன்று நான்கு கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எடைக்கல்லுக்கு அவை தெரியாது.

முதலில் அவர் பார்க்கும் ஜரிகையையே பார்ப்போம். பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிப் பட்டையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசினால் சுத்த ஜரிகை. தமிழ்நாடு ஜரிகை ஆலை அண்மைக் காலத்தில் வைத்திருக்கும் அளவு: வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5. ஒரு சேலையில் 200 கிராம் ஜரிகை இருந்தால் வெள்ளி 80 கிராம், தங்கம் ஒரே ஒரு கிராம். அந்த ஒரு கிராம்தான் கரை முழுக்க, முந்தானை முழுக்க மின்னுகிறது. உலோகப் பட்டையின் தடிமன் பத்து மைக்ரான் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ள தங்கம் முழுவதும் வெளிப்பக்கத்திலேயே ஒட்டியிருந்தாலும் அந்தப் பூச்சு முப்பது நானோமீட்டர் சொச்சம்தான், அதாவது நூற்றுச் சொச்சம் அணு அடுக்குகள். நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளமே 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. ஒளியின் அலையைவிடப் பத்து மடங்குக்கு மேல் மெல்லிய ஒரு பூச்சைத்தான் "அசல் தங்க ஜரிகை" என்று தடவிப் பார்க்கிறோம்.

நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவியில் சேலையின் கரையை வைத்தால் எதையும் எரிக்காமலே உள்ளிருப்பது தெரிந்துவிடும். எக்ஸ்ரே பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஆற்றலில் திருப்பி ஒளிர்கிறது. செம்பு 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலும் வெள்ளி 22லும் குரல் கொடுக்கும். தங்கம் அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் கதிர் அதைத் தாண்டிப் போய் அடியில் இருக்கும் வெள்ளியையும் படித்துவிடுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னொன்றும் தெரியவரும். முற்காலத்தில் வெள்ளிக் கோலின் மேல் தங்க ரேக்கைப் பொதிந்து, சூடாக்கி, சின்னதாகிக்கொண்டே போகும் துளைகள் வழியே இழுத்து இழுத்துக் கம்பியாக்கினார்கள். பிறகு மின்முலாம் வந்தது. தங்கம் எந்தப் பக்கம், எப்படிப் படிந்திருக்கிறது என்பதிலேயே செய்முறை தெரியும், செய்முறையிலிருந்து காலத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். உருக்கிவிட்டால் வெள்ளிக்கட்டிக்கு ஏது காலம்?

அடுத்தது சாயம். 1856இல் லண்டனில் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் கொயினா மருந்து செய்யப் போய், தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். 1868இல் பெர்லினில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் அலிசரின் என்ற சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். நம் சோழமண்டலக் கரையில் சாயவேரிலிருந்து எடுத்து, படிகாரம் சேர்த்துத் துணியில் ஏற்றிய சிவப்பும் இதே அலிசரின்தான். என்றாலும் வேரிலிருந்து வந்த அலிசரின் தனியாக வராது, அதோடு கூடப்பிறந்த வேறு சில சேர்மங்களும் ஒட்டிக்கொண்டு வரும். ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் நூல் போதும். சாயத்தைக் கரைத்துப் பிரித்து, கூட யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பெர்கினுக்குப் பிந்திய சாயம் ஒன்று அகப்பட்டால் "முந்நூறு வருஷப் பழசு" என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. அவுரி நீலத்தில் மட்டும் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. 1897இல் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்த ஆலை நீலமும் அவுரி இலையின் நீலமும் மூலக்கூறில் ஒன்றேதான்.

எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பாக இருப்பது பட்டே ஒரு கடிகாரம் என்பது. பட்டு ஒரு புரதம். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்களில் இருக்க முடியும். உயிர்கள் தம் புரதத்தைக் கட்ட இடக்கை வடிவத்தை மட்டுமே பயன்படுத்துகின்றன, பட்டுப்புழுவும் அப்படித்தான். புழு நூலை நூற்று முடித்த கணத்திலிருந்து இடக்கைகளில் சில, ஒன்றிரண்டாக, வலக்கையாகப் புரளத் தொடங்குகின்றன. ஆஸ்பார்ட்டிக் அமிலம் இதில் வேகமானது. எத்தனை புரண்டிருக்கிறது என்று எண்ணினால் வயது கிடைக்கும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் மெஹ்தி மொய்னியும் அவருடைய குழுவினரும் 2011இல் இந்த முறையை வெளியிட்டார்கள். அதற்குத் தேவைப்பட்ட பட்டு சுமார் நூறு மைக்ரோகிராம். முந்தானைக் குஞ்சத்திலிருந்து தானாக உதிர்ந்த ஓர் இழையே அதற்கு மிச்சம்.

ஒரு சிக்கல் உண்டு. சூடும் ஈரமும் இந்தப் புரளலைத் துரிதப்படுத்தும். வருஷாவருஷம் சூடான இஸ்திரிப் பெட்டி ஏறி இறங்கிய சேலை தன் வயதைக் கூட்டிச் சொல்லக்கூடும்.

கார்பன் கணக்கு போடலாமே என்று கேட்பீர்கள். எகிப்தில் பழைய கெய்ரோவான ஃபுஸ்டாட்டில் கிடைத்த குஜராத்தி அச்சுத்துணித் துண்டுகளின் காலத்தைச் சொன்னது அதுதான். அவற்றில் பெருந்தொகுதி ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் சுமார் 1650க்கும் 1950க்கும் இடையில் காற்றில் இருந்த கதிரியக்கக் கார்பன் மேலும் கீழுமாக ஆடியதால், அந்த முந்நூறு வருஷத்தில் எது என்று அந்த முறையால் திட்டமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. நம் பாட்டிமார் சேலைகள் விழுவது சரியாக அந்தக் குழியில். 1950களின் நடுவில் நிலைமை தலைகீழாகிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற அந்தக் கதிரியக்கக் கார்பன் ஏறி, 1963ஐ ஒட்டி ஏறக்குறைய இரு மடங்கானது. அந்த வருஷக் காற்றை மல்பெரி இலை உள்ளிழுத்தது, இலையைப் புழு தின்றது, புழு நூலாக்கியது. பசிபிக் தீவில் வெடித்த குண்டின் அடையாளம் முகூர்த்தப் பட்டில் பதிந்திருக்கிறது. நூறு வருஷச் சேலை என்று சொல்லி விற்றதில் இது தென்பட்டால் பேரம் முறிந்தது.

இத்தனையையும் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. விற்பதற்கு முன் "பார்க்க நன்றாக இருக்கட்டும்" என்று துவைப்பது. இன்றைய சலவைத்தூளில் வெளுப்புக் காட்டும் ஒளிர்பொருள் இருக்கும். இரண்டாம் உலகப் போரை ஒட்டித்தான் அது புழக்கத்துக்கு வந்தது. கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் சேலை மேல் பிடித்தால், ஒளிர்பொருள் பட்ட இடம் நீலமாக மினுங்கும். நேற்று துவைத்த நூற்றாண்டுச் சேலையும் அப்படித்தான் மினுங்கும், வாங்க வந்தவர் எழுந்து போய்விடுவார். வெயிலில் உலர்த்துவதும் வேண்டாம். ஏலக்காயின் பச்சை வெளுக்காமல் இருக்கக் கறுப்பு பாலிதீன் உறை போட்ட சாக்கில் கட்டிவைக்கும் ஊருக்கு, ஒளி நிறத்தை என்ன செய்யும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்ட பழைய துணி இருந்தால் இன்னும் கவனம். கடுக்காயும் இரும்பும் சேர்த்து ஏற்றிய கறுப்பில் அந்த இரும்பே இழையை மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். மற்ற நிறமெல்லாம் கெட்டியாக இருக்க, கறுப்புக் கோடு மட்டும் விரல் பட்டதும் பொடியாக உதிரும். அதை மடிப்பு மாற்றாமல், உதறாமல், அப்படியே பருத்தித் துணியில் சுற்றிவையுங்கள்.

விற்பதில் சட்டமும் வருகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகிவிடும். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. உள்நாட்டில் விற்கலாம், ஆனால் அதையே வியாபாரமாகச் செய்கிறவருக்கு உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்காரர் இணையத்தில் சொல்லும் விலையைப் பார்த்து மனக்கணக்குப் போடுவதற்கு முன் சேலையின் வயது தெரிந்தாக வேண்டியது இதனாலும்தான்.

எல்லாச் சேலையும் ஆய்வுக்கூடத்துக்குப் போகத் தேவையில்லை, அந்தச் செலவு பெரும்பாலான சேலைகளுக்குக் கட்டுபடியும் ஆகாது. பெட்டியின் அடியில் விரித்திருக்கும் பழைய செய்தித்தாளைத் தேதி பார்க்காமல் எறியாதீர்கள். கடை ரசீது, கல்யாணப் பத்திரிகை, அம்மா அந்தச் சேலையோடு நிற்கிற ஸ்டுடியோ படம், இவற்றில் ஏதாவது அகப்பட்டால் சேலையோடு சேர்த்தே கொடுங்கள். கரையின் கட்டம் படத்தில் ஒத்துப்போனால், அருங்காட்சியகக்காரர்கள் அமினோ அமிலம் எண்ணுவதற்கு முன் முதலில் கையில் எடுப்பது அந்தப் படத்தைத்தான்.