தோளில் வள்ளம்: வழி உரிமையும் உடல் காப்பும்

ஒன்ராறியோவின் காட்டு ஏரிகளில் கனூ வள்ளத்தில் போகிறவர்கள், ஓர் ஏரி முடியும் இடத்தில் வள்ளத்தைத் தோளில் ஏற்றி, காட்டுத் தடத்தால் நடந்து அடுத்த ஏரியில் இறக்குவார்கள். அந்தத் தடம்தான் போர்ட்டேஜ். பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த தடங்கள் அவற்றுள் பல. ரொறொன்ரோவிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டத்தில் இருக்கும் அல்கொன்குவின் பூங்காவில் மட்டும் 2,000 கிலோமீற்றருக்கு மேல் வள்ளப் பாதைகள் உண்டு. அங்கே போகும் நம்மவர்கள் முதலில் தெரிந்திருக்க வேண்டியது சட்டம்.

பூங்காக்களுக்கு வெளியே இந்தத் தடம் சில இடங்களில் தனியார் காணிக்குள்ளால் போகும். “இது என்ரை காணி” என்று ஒருவர் மறித்தால் பேசாமல் திரும்பிவிடத்தான் தோன்றும். ஆனால் ஒன்ராறியோ பொதுக் காணிகள் சட்டத்தின் 65ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. அரச காணி விற்கப்பட்டுத் தனியார் கைக்குப் போயிருந்தாலும், அதில் போர்ட்டேஜ் முன்பே இருந்திருந்தால், அது இணைக்கும் நீர்நிலைகளில் பயணம் செய்யும் எவரும் தம் பொருள்களோடு அதனூடாகப் போகலாம். உரிமையாளரின் அனுமதி வேண்டாம், காசும் கொடுக்க வேண்டாம். மறிப்பதுதான் குற்றம். இது கடந்து போகும் உரிமை மட்டுமே. அங்கே கூடாரம் அடிக்கவோ நெருப்பு மூட்டவோ முடியாது. மறித்தவரோடு மல்லுக்கட்டாமல் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மாகாண இயற்கை வள அமைச்சிடம் முறையிடுங்கள். மிரட்டினால் பொலிசை அழையுங்கள்.

இனி உடம்பு. தண்ணீருக்குப் பயப்படுகிறவர்கள்கூடத் தரையில் கவனம் விட்டுவிடுகிறார்கள். கெவ்லர் வள்ளம் 20 கிலோ அளவில் இருக்கும். அலுமினிய வள்ளம் 30 கிலோவைத் தாண்டும். தலைக்கு மேல் கவிழ்த்து, குறுக்கே இருக்கும் நுகத்தைத் தோளில் தாங்கி நடக்கும்போது முன்னால் சில அடி நிலம்தான் கண்ணுக்குத் தெரியும். ஈர வேர், பாசி படிந்த பாறை, சேற்றின் மேல் போட்ட பலகை, எல்லாமே வழுக்கும். ஒருவர் முன்னே நடந்து குரல் கொடுத்தால் பாதி ஆபத்து போய்விடும். தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள், முதுகை வளைக்காதீர்கள். பழக்கமில்லாதவர் தனியாகத் தூக்கக்கூடாது: ஒருவர் முன்முனையை உயர்த்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே நுழைந்து நுகத்தை ஏற்கட்டும். வள்ளத்தை ஒரு நடை, மூட்டைகளை இன்னொரு நடை கொண்டுபோவதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் 1 கிலோமீற்றர் தடம் 3 கிலோமீற்றர் நடையாகிவிடும். பயணத்தைத் திட்டமிடும்போதே அதைக் கணக்கில் சேருங்கள். கணுக்காலை மூடும் சப்பாத்துத்தான் போட வேண்டும். செருப்போடு போகவே போகாதீர்கள்.

வள்ளத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். வைத்திருந்தால் போதாது, அணியுங்கள்.

அடிபட்டால்? உட்காட்டில் பெரும்பாலும் கைபேசி வேலை செய்யாது. செய்மதி வழியே உதவி கோரும் கருவியை வாடகைக்காவது எடுத்துப் போங்கள். எந்த வழியால் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையோ மாமாவையோ கூட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று: வருகை விசாவில் இருப்பவர்களுக்கு மாகாண மருத்துவக் காப்பீடு இல்லை. வான்வழி அம்புலன்ஸ் வந்தால் செலவு முழுவதும் அவர்கள் தலையில் விழும். பயணக் காப்புறுதி இல்லாமல் அவர்களைக் காட்டுக்குள் கொண்டுபோவது பெரிய தவறு.

வள்ளம் வாடகைக்கு எடுக்கும்போது நீட்டப்படும் பொறுப்புத் துறப்புப் படிவத்தை வாசிக்காமல் ஒப்பமிடாதீர்கள். பனிச்சறுக்கு மையங்கள் தொடர்பான வழக்குகளில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் அத்தகைய படிவங்கள் செல்லும் என்ற பக்கமே தீர்ப்பளித்தது.

வீடு வந்ததும் உடம்பு முழுவதும் உண்ணி தேடுங்கள். கறுப்புக்கால் உண்ணி லைம் நோயைப் பரப்பும். 24 மணி நேரத்துக்குள் அகற்றினால் ஆபத்து மிகக் குறைவு. நேரம் கடந்துவிட்டதென்று தோன்றினால் மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டாம். 2023 தொடக்கம் ஒன்ராறியோவில் மருந்தாளரே உண்ணிக் கடிக்குத் தடுப்பு மருந்து எழுதித் தரலாம். கடித்த உண்ணியை அகற்றி 72 மணி நேரத்துக்குள் மருந்தகத்துக்குப் போய்விடுங்கள்.