அந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் கஷ்டமா?

தேர்வுகளைப் பற்றிய எபிசோடில் நேரம் போதாமல் விட்டது இது.

பழைய எஸ்.ஏ.டி.யில் ஒரு கேள்வி: ஓட்டக்காரருக்கு மாரத்தான்னா, துடுப்பு வலிப்பவருக்கு என்ன? விடை 'ரெகாட்டா', அதாவது படகுப் போட்டி. படகு கிளப் பக்கமே போகாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சொல் எப்படித் தெரியும்? அந்த வகை ஒப்புமைக் கேள்விகள் 2005-லிருந்து எஸ்.ஏ.டி.யில் இல்லை.

இப்படிப்பட்ட கேள்விகளைப் பிடிப்பது கல்வி அளவீட்டுக்காரர்களின் வேலை. அமெரிக்காவில் அவர்களுடைய சங்கம் என்.சி.எம்.இ., 1938-ல் தொடங்கியது. வருஷா வருஷம் வசந்தகாலத்தில் மாநாடு கூட்டுவாங்க.

ரெண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட்டா போதாதா? போதாது. சராசரி வேறுபட பள்ளி, காசு, ட்யூஷன்னு ஆயிரம் காரணம் இருக்கு. அதனால மொத்த மதிப்பெண் சமமா இருக்கிறவங்களை மட்டும் ஒப்பிடுவாங்க. எல்லாரும் கணிதத்தில் 600. ஆனா ஒரே ஒரு கேள்வியில் மட்டும் ஒரு குழு பெருமளவு சறுக்கினால், அந்தக் கேள்வி கணிதத்தைத் தாண்டி வேறெதையோ அளக்கிறதா என்று சந்தேகிக்கணும். இதற்குப் பயன்படும் மான்டெல்–ஹென்ஸெல் முறை, 1959-ல் நோய் ஆராய்ச்சிக்காக வந்தது! தேர்வுகளுக்கு அது வந்தது 1980-களில்தான்.

ஒரு ஓட்டை இருக்கு. தேர்வு முழுசுமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், நாம் 'சமம்'னு வைத்த அந்த 600-உம் சாய்ந்ததுதான். இந்த முறை அதைக் காட்டாது. அது காட்டிக்கொடுத்த கேள்வியைக்கூட, தூக்குவதா வைப்பதான்னு ஆட்கள் உட்கார்ந்து படித்துத்தான் முடிவு பண்றாங்க. ரெகாட்டா தெரியாத ஒருத்தராவது அந்த மேசையில் இருக்கணும்.