பண்பை அளக்கும் படிவம்

உயர்தரப் பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்க்கும்போது மதிப்பெண்ணோடு பண்பையும் பார்க்க வேண்டும் என்னும் கருத்து கேட்பதற்கு இனியது. ஒழுக்கமற்ற அறிவு கேடு தரும் என்பதை யார்தாம் மறுப்பர்? ஆயினும், இக்கருத்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துள் நுழைந்த வரலாறு கவலைக்குரியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சேர, நுழைவுத் தேர்வில் தேறுவதே பெரும்பாலும் போதுமானதாயிருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் அத்தேர்வில் சிறந்து விளங்கினர். 1922ஆம் ஆண்டளவில் முதலாண்டு மாணவருள் ஐவரில் ஒருவருக்கு மேல் யூதர். பல்கலைக்கழகத் தலைவர் அபட் லாரன்ஸ் லோவெல் அவர்களுக்கு உச்சவரம்பு விதிக்க விரும்பினார். ஆசிரியர் குழுவோ வெளிப்படையான வரம்பை 1923இல் ஏற்க மறுத்தது. வாயிலில் தடுக்கப்பட்டது பலகணி வழியே வந்தது. 1926இல் முதலாண்டு மாணவர் தொகை ஆயிரத்தோடு நிறுத்தப்பட்டு, குணமும் ஆளுமையும் சேர்க்கைக்குரிய அளவைகளாயின. அவ்வாண்டுகளின் விண்ணப்பப் படிவம் நிழற்படம் கேட்டது. திருமணத்துக்கு முன் தாய்க்கிருந்த குடும்பப்பெயரைக் கேட்டது. தந்தையின் பெயர் எப்போதேனும் மாற்றப்பட்டதா என்றும் கேட்டது. குணத்தை அறிய இவை எதற்கு? யூத மாணவர் விகிதம் சரிந்தது.

ஹார்வர்டு மீது 2014இல் தொடுக்கப்பட்ட வழக்கில், ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் 'தனிப்பண்பு மதிப்பீடு' வழங்கப்பட்டு வந்தது விவாதிக்கப்பட்டது. பெரும்பாலோரை நேரில் காணாத சேர்க்கை அலுவலர்கள் ஆசிய அமெரிக்கருக்குச் சராசரியில் குறைவாக அளித்திருந்தனர். நேரில் உரையாடிய முன்னாள் மாணவர்களின் மதிப்பீட்டில் அத்துணை வேறுபாடு இல்லை. வேண்டுமென்றே பாகுபாடு செய்யப்படவில்லை என்று 2019இல் கீழமை நீதிமன்றம் கூறிற்று. 2023இல் உச்சநீதிமன்றம் இனத்தைக் கருதும் சேர்க்கை முறையையே செல்லாததாக்கிற்று.

ஹதீஸ் கலையினர் அறிவிப்பாளர்களை எடைபோட வகுத்த விதியொன்று இங்கு நினைவுக்கு வருகிறது. ஒருவரை நம்பத்தக்கவர் எனக் காரணம் கூறாமலே சொல்லலாம். குறையுடையவர் என்றால் காரணத்தை விளக்கியாக வேண்டும் என்பார் இப்னு ஸலாஹ். காரணம் சொல்லாத குறைகூறலை அவர்கள் ஏற்கவில்லை. ஒரு மாணவனின் பண்பைக் குறைத்து எண்ணிடும் அலுவலருக்கு இவ்விதி பொருந்தாதா?

அவ்வாறாயின் பார்க்க வேண்டியது எது? கற்கும் ஆற்றல், அதுவும் அம்மாணவனுக்குக் கிட்டிய வாய்ப்புகளோடு வைத்து எடைபோடப்பட்ட ஆற்றல். தேர்வு வசதியுள்ளோர்க்கே துணை என்பது பாதி உண்மைதான். 2020இல் பொதுத் தேர்வு மதிப்பெண் தேவையில்லை என்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், 2022இல் அதை மீண்டும் கட்டாயமாக்கிற்று. உயர்நிலைப் பாடங்களே இல்லாத பள்ளியில் படித்த ஏழை மாணவன் தன் திறத்தைக் காட்டப் பிறிதொரு வழி அரிது என்பது அக்கழகம் கண்ட காரணம். பண்பைப் பற்றி அறிய வேண்டுமெனில், அவனுக்கு ஆண்டுக்கணக்கில் கற்பித்த ஆசிரியர், நிகழ்ச்சியைச் சுட்டி எழுதட்டும்.

பார்க்கவே கூடாதது தந்தை அங்குப் பயின்றவரா என்பது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அச்சலுகையை 2014இல் ஓசையின்றிக் கைவிட்டது. 2020இல்தான் அதனை உலகறியச் சொன்னது. 2009இல் அங்கு நூற்றுக்குப் பன்னிருவருக்குச் சற்று மேலாயிருந்த முன்னாள் மாணவரின் பிள்ளைகள் 2019இல் நால்வருக்கும் குறைந்தனர். வறியோர்க்கான அரசு உதவித்தொகைக்குத் தகுதியுடையோர் அதே காலத்தில் 9இலிருந்து 19 ஆயினர்.